சனத்தைக் காட்டு

— ராசாவை ஓட்டிவிடடா, சாரங்கன். சனத்தைக் காட்டு.

— அம்மா, இப்பதான் முடி சூட்டப்போகினம். டோர்வல் எயார்போட்டில என்னோட பிளேன் சாப்பாட்டுத் தட்டு அடுக்கிற கம்போடியாக்காரன் மூண்டு சீடி தந்தது தங்கட ராசாவைப் பாக்கச் சொல்லி. நீங்கள் ராசா வர வர ஓட்டச் சொல்லுறியள்.

— எனக்கென்னத்துக்கடா அவையின்ர ராசா? அவர் முடி சூடினால் என்ன, சூடாட்டி என்ன? வாசல்ல நிக்கிற சனந்தான் எனக்கு வேணும். விளங்குதோ?

— விளங்குது, விளங்குது. இந்தா ஓடுது. அண்ணி, நீங்களும் வந்து இருங்கோவன். குசினிக்கும் ஹோலுக்கும் நடந்து நடந்து கம்பளம் தேயப்போகுது.

— எனக்கு இருப்புக் கொள்ளேல்லை, சாரங்கன். ஆறு மணிக்கு அவர் ஃபோன் எடுப்பார்.

— எந்த அவர்?

— தெரியாத மாதிரிக் கேளாதேங்கோ, மாமி. ஞானேந்திரன்தான்.

— ஓகோ, தையல் மெசின் திருத்துறவர். மூண்டு வருசமா இஞ்சை வந்து போறார், எங்கட வீட்டுத் தையல் மெசின் இன்னும் நூலை அறுக்குது.

— அம்மா! அந்தாள் பாவம். வந்தால் அதைத் தொட விட்டனீங்களே நீங்கள்?

— நான் உன்னோட கதைக்கேல்லை. நிறுத்து, நிறுத்து! அந்த நீலச் சேட்டு... சீ, இல்லை. இவன் கட்டை. போ, போ.

— மாமி, நான் சொல்லுறதைக் கொஞ்சம் கேளுங்கோ. அவருக்கு வன்கூவரில வேலை சரிவந்திட்டுது. வாற கிழமை போறார். என்னையும் கூட்டிக்கொண்டு போறதோ, தனியப் போறதோ எண்டு இண்டைக்குச் சொல்லச் சொன்னவர்.

— சொல்லன். நானோ உன்னைக் கட்டி வைச்சிருக்கிறன்?

— கட்டேல்லை. ஆனால் உன்ர புருசன் கேதீஸ் இருக்கிறான், கேதீஸ் வருவான் எண்டு விடிஞ்சால் பொழுதுபட்டால் சொல்லுறியள். பிறகு நான் எப்பிடி மாமி ஓம் எண்டு சொல்ல?

— இருக்கிறான்தானே. பெத்த வயிறு சொல்லுது.

— அம்மா, பெத்த வயிறு எட்டு வருசமா ஒரே கதையைத்தான் சொல்லுது. கள்ளமா ஆளனுப்புற அந்த ஏஜென்சிக்காரன் புனோம் பென்னில உங்களை இரண்டாப் பிரிச்சான். பொம்பிளையள் முதல், ஆம்பிளையள் அடுத்த கிழமை. நீங்களும் அண்ணியும் வந்து இறங்கிட்டியள். அண்ணையும் வருவான் எண்டு நான் இஞ்சை எயார்போட்டில போய்ப் போய்ப் பாத்தன். அவனிட்டை இருந்து ஒரு ஃபோன் வந்தது, அதோட சரி. அவனோட நிண்ட பெடியளில பாதிப்பேர் இப்ப லண்டனில, மிச்சப்பேர் எங்கையெண்டு ஆருக்கும் தெரியாது.

— அதைத்தானடா நானும் சொல்லுறன். தெரியாது எண்டால் செத்தான் எண்டோ அர்த்தம்? அந்த ஊரிலதான் நிண்டவன். ஒரு ராசாவுக்கு முடிசூட்டு எண்டால் ஊரில ஒருத்தனும் வீட்டுக்குள்ள கிடக்கமாட்டான். நல்லூர்த் தேரண்டைக்கு யாழ்ப்பாணத்தில ஆராவது வீட்டில நிண்டவையே? அவன் அங்கை இருந்தால் இந்தச் சனத்துக்குள்ளதான் நிக்கவேணும்.

— முதல் சீடியில இல்லை. இரண்டாவதும் முடியப்போகுது, மாமி.

— மூண்டாவது இருக்கெல்லே? பொறு. இதென்னடா, சங்கு ஊதுகினம்! எங்கட ஐயர்மார் மாதிரிக் குடுமியும் வைச்சிருக்கினம்!

— அவை ராசான்ர ஐயர்மார்தான். இந்தியாவில இருந்து எந்தக் காலத்திலையோ போன ஆக்களின்ர வழியாம். அந்தா, அந்தக் கிழவர்தான் பழைய ராசா. தேப்பன்.

— தேப்பன் குத்துக்கல்லு மாதிரி இருக்க மகனுக்கு முடியோ? இதென்ன அநியாயம்!

— தானாத்தான் விட்டுக்குடுத்தவராம், அம்மா. வயசு போட்டுது, ஆண்டது காணும் எண்டு.

— விட்டுக்குடுத்த மனிசன் நல்லாத்தான் சிரிச்சுக்கொண்டிருக்கிறார், மாமி.

— எனக்குக் குத்திக்காட்டுறியோ, நிருஷா?

— இல்லை மாமி, கண்ணில பட்டதைச் சொன்னன்.

— பட்டதைச் சொல்லுறாவாம். எடேய், இந்தக் கிழவரையும் ஓட்டிவிடு.

— ஓட்டுறன். ஆனால் அம்மா, இப்பிடி ஓடுற சனத்துக்குள்ள அண்ணையை எப்பிடிப் பிடிக்கிறது? எல்லாரும் வெள்ளைச் சேட்டு, எல்லாற்ற கையிலையும் கொடி. எட்டு வருசத்தில ஆள் மாறியும் இருப்பான்.

— முகம் மாறும், தலைமயிர் கொட்டும். கொக்குக்கால் மாறாது. சின்னனில இருந்து அவன் ஒரு இடத்தில நேரா நிண்டதில்லை. ஒற்றைக்காலில நிண்டு, மற்றக் காலைத் தூக்கி முழங்காலில வைச்சிடுவான். பள்ளிக்கூடத்தில வாத்தியார் அடிச்சும் பாத்தார், நான் சூடு வைக்கிறன் எண்டும் வெருட்டினன். கேட்டவனே?

— புனோம் பென் எயார்போட்டிலையும் அப்பிடித்தான் நிண்டவர். எங்களை உள்ளுக்கு விட்டிட்டாங்கள், அவர் கண்ணாடிக்கு அங்கால. பொலிஸ் பாக்குது, காலைக் கீழ விடுங்கோ எண்டு நான் கையால காட்டுறன், அவர் சிரிக்கிறார். அந்தச் சிரிப்போடதான் நான் பிளேன் ஏறினன். மாமி, எனக்கு முப்பத்திநாலு வயசாச்சு. பிள்ளை பாக்கிற கார்டெரியில மற்றாக்களின்ர பிள்ளையளுக்குக் கோட்டுப் போட்டு, தொப்பி போட்டு, சப்பாத்துக் கட்டி வெளியில விடுறன். உள்ள வரக் கழட்டிவிடுறன். அதுதான் என்ர சீவியம்.

— உனக்கு அந்தாளில விருப்பமோ? ஒளிக்காமல் சொல்லு.

— அவரோட கதைச்சால் எனக்குச் சிரிப்பு வருது. வீட்டை வந்தாப் பிறகும் அதை நினைச்சுச் சிரிக்கிறன். விருப்பம்தான், மாமி. ஆனால் கேதீஸ் எங்கையோ ஒரு மறியலில, கம்பிக்குப் பின்னால கிடந்து என்னை நினைச்சுக்கொண்டிருந்தால்? நான் வன்கூவரில இன்னொருத்தருக்குச் சோறு போட்டுக்கொண்டிருக்கிறதோ?

— அதுக்குத்தான் ஐயர் ஒரு வழி சொன்னவர். தர்ப்பையில உருவம் செய்து, செத்தவைக்குச் செய்யிற அந்தியேட்டியை முடியுங்கோ, அந்தப் பிள்ளையும் மனசாறி ஒரு வழியில போகட்டும் எண்டு. நீங்கள்தான் அம்மா...

— வாயைக் கழுவடா! உயிரோட இருக்கிறவனுக்கு எள்ளும் தண்ணியும் இறைச்சால் அவன்ர ஆயுசு அறுந்துபோகும். பெத்த தாய் செய்யிற வேலையோ அது? நான் கட்டையில போனாப் பிறகு என்னவும் செய்யுங்கோ. நான் இருக்குமட்டும் இந்த வீட்டில கேதீசுக்கு அந்தியேட்டி இல்லை. ஐயருக்கும் அதைத்தான் சொன்னனான், வேணுமெண்டால் அந்த ராசாவுக்கும் சொல்லுவன்.

— சரி, சரி, கத்தாதேங்கோ. கீழ்வீட்டு மதாம் தும்புத்தடியால முகட்டில இடிக்கப்போறா. இந்தா, மூண்டாவது சீடி. இது முழுக்கக் கொண்டாட்டமாம். ஆத்தங்கரை, வள்ளம், வாணவேடிக்கை.

— ஃபோன் அடிக்குது. அவர்தான்.

— எடுத்துக் கதை, பிள்ளை. அறைக்குள்ள கொண்டுபோய்க் கதை.

— மாமி, கண்டால் ஒரு சத்தம் வையுங்கோ. நான் ஃபோனை வைச்சிட்டு ஓடிவாறன்.

— கண்டால் உன்னைக் கூப்பிடாமலோ? போ.

...

— அம்மா, நீங்கள் அண்ணியைப் பாவம் எண்டு நினைக்கிறதே இல்லையோ?

— ஏன் இல்லை? எனக்கு அவள் மருமோளோ, மகளெல்லோ? நான் நாரிப்பிடிப்போட கிடக்கேக்க என்னைக் குளிக்கவாத்தவள் அவள். நீயோ வாத்தனீ? ஆனால் அவனையும் நான்தானே பெத்தனான். ஒருத்தருக்காக மற்றவரைச் சாக்காட்டச் சொன்னால் நான் என்ன செய்ய?

— நான் சாக்காட்டச் சொல்லேல்லை. பாருங்கோ, ஆத்தங்கரையில என்ன சனம்! ஐஸ் விக்கிறவன், பலூன் விக்கிறவன். அந்தச் சின்னன் தேப்பன்ர தோளில ஏறியிருந்து கொடி ஆட்டுற வடிவைப் பாருங்கோ.

— நிறுத்து.

— என்ன?

— நிறுத்தடா. பின்னுக்கு விடு. இன்னும். அந்தக் கயித்துக்குப் பக்கத்தில. அந்தப் பிள்ளையைத் தோளில வைச்சிருக்கிறவன்.

— ஓம்... அம்மா, அவன் ஒற்றைக்காலில நிக்கிறான்.

— தோளில பிள்ளையையும் வைச்சுக்கொண்டு, கொக்குக்காலில. விழுத்தப்போறான், மடையன்.

— அம்மா! அண்ணை! அது அண்ணைதான்! காதைப் பாருங்கோ, அப்பாவின்ர காது! அண்...

— மூடடா வாயை! கூப்பிடாதை. சத்தத்தைக் குறை. கொஞ்சம் ஓடவிடு. பக்கத்தில நிக்கிறது ஆர்?

— பொம்பிளை. அந்த ஊர்ப் பொம்பிளை. தண்ணிப் போத்தலை அண்ணைக்குக் குடுக்கிறா. இப்ப அவன்ர காலைத் தட்டிக் கீழ விடச் சொல்லுறா.

— சிரிக்கிறான்.

— ஓம், சிரிக்கிறான்.

— என்ர சிவனே. என்ர ராசா. கொழுத்துப்போனான். இருக்கிறான் எண்டு சொன்னனானே, நான் சொன்னனானே! பிள்ளைக்கு ஒரு அஞ்சு வயசு இருக்கும். ஒருக்காத் திரும்பப் போடு, அதின்ர முகத்தை நான் வடிவாப் பாக்கேல்லை.

— அம்மா, அழாதேங்கோ. எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வருது. எட்டு வருசம்! ஒரு ஃபோன் எடுக்க ஏலாதோ இந்த நாய்க்கு? என்ர நம்பர் இண்டைக்கும் அதே நம்பர்தான். இஞ்சை ஒருத்தி பொட்டையும் அழிக்காமல், பூவும் வைக்காமல் திரியுறாள். பொறுங்கோ, நான் போய்ச் சொல்லுறன். பாக்கட்டும், பாத்திட்டுக் காறித் துப்பிப்போட்டு ஞானேந்திரனோட போகட்டும்.

— போகமாட்டாளடா.

— ஏன் போகமாட்டா? இதைக் கண்டால் எந்தப் பொம்பிளையும்...

— நீ எந்தப் பொம்பிளையையும் விடு, இவளைச் சொல்லு. இவள் இதைக் கண்டால் வன்கூவருக்குப் பிளேன் ஏறமாட்டாள், கம்போடியாவுக்குத்தான் ஏறுவாள். ஏன் என்னை விட்டனீ, என்னில என்ன குறை எண்டு அவன்ர வாசல்ல நிண்டு கேப்பாள். அவன் என்ன சொன்னாலும் இவளுக்குக் காணாது. கேட்டுக் கேட்டே மிச்ச வயசும் போயிடும். செத்தவனுக்கு அழுதுபோட்டு ஒரு நாளைக்கு எழும்பலாம். இதுக்கு எப்ப எழும்புறது, சொல்லு?

— அப்ப பொய் சொல்லப்போறியளோ?

— சீடியை வெளியில எடு. எடு கெதியா. பெட்டிக்குள்ள வைச்சு உன்ர வேலைப் பையுக்குள்ள போடு. நாளைக்கு அந்தக் கம்போடியாக்காரனிட்டைக் குடுத்துப்போடு. என்ர தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணு, சாகும்வரைக்கும் இதை ஆருக்கும் சொல்லமாட்டன் எண்டு.

— அம்மா...

— அடியடா!

— சத்தியம். காணுமோ? சத்தியம்.

— கண்ணைத் துடை. வாறாள்.

...

— மாமி? ஏன் ரீவியை நிப்பாட்டிப்போட்டியள்? நான் கெதியாக் கேட்டுக்கொண்டு போகவேணும், அவர் லைனில நிக்கிறார். ஒரு நிமிசம் எண்டு சொல்லிப்போட்டு வந்தன்.

— என்ன சொன்னனீ அவருக்கு?

— ஒண்டும் சொல்லேல்லை. மாட்டன் எண்டுதான் சொல்லப்போறன், மாமி. அதுக்கு முதல் மூண்டாவது சீடியை ஒருக்காக் கேட்டிட்டுப் போவம் எண்டு... அதிலயும் இல்லையோ?

— இல்லை, பிள்ளை.

— முழுக்கப் பாத்தனீங்களோ?

— கடைசிமட்டும் பாத்தம். ராசா, வள்ளம், வாணம், அவ்வளவுந்தான். எங்கட ஆள் ஒருத்தரும் அதுக்குள்ள இல்லை. சாரங்கன்ர கண்ணுக்கும் படேல்லை. என்னடா?

— ஓம் அண்ணி. படேல்லை.

— மாமி, நீங்கள் அழுதிருக்கிறியள்.

— அழுதனான்தான். இஞ்சை வா, பக்கத்தில வா. எனக்கு இண்டைக்குத்தான் விளங்கினது. நீ போய் அந்தாளுக்கு ஓம் எண்டு சொல்லு. வன்கூவரில குளிராம், மழையாம், நல்ல கோட்டு ஒண்டு வாங்கித் தரச் சொல்லு.

— என்ன மாமி சொல்லுறியள்? கேதீஸ் இருக்கிறார் எண்டு இவ்வளவு காலமும்...

— இவ்வளவு காலமும் பெத்த வயிறு விசர்க்கதை கதைச்சிட்டுது. போ பிள்ளை, மனிசன் லைனில நிக்குது. எடேய் சாரங்கன், ஏன் என்ர முகத்தைப் பாத்துக்கொண்டு நிக்கிறாய்? அந்தக் கைஃபோனை எடு. ஐயருக்கு அடி. கொண்ணை கேதீசுக்கு அந்தியேட்டி செய்யவேணும், நாள் கேள்.