கட்டைவிரல் நகத்தைப் பார்க்கச் சொன்ன அக்காவுக்கு

விழி போகும் வழியறிந்த வித்தகரே, ஆய்வுக்கூடத்தின் அச்சாணியே, இருபத்தாறு ஆண்டுகள் முகம் சுளித்தாலும் முடியாதென்று சொல்லாத மூத்தவரே, எங்கள் அன்பிற்கினிய அக்கா! தங்கள் பணிநிறைவு விழாவுக்கான இம்மடலை எழுதும் பொறுப்பை, "தப்புப் பண்ணவனே எழுதட்டும்" என்று தரவுப் பிரிவில் இருக்கும் என் தலையில் சகாக்கள் கட்டிவிட்டார்கள். பொறுமையோடு கேட்டருள வேண்டுகிறேன்.

அணிந்தவர் எதைப் பார்க்கிறார் என்று பதியும் கருவிக் கண்ணாடி நம்முடையது. விழிகளை நோக்கி இரண்டு கேமரா, எதிரே உள்ளதை நோக்கி ஒன்று. கண் எங்கே நிற்கிறதோ அங்கே படத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. அறைக்குள் சொன்னபடி கேட்கும். தெருவில் இறங்கினால் நம் மானத்தை வாங்கிவிடும். வெயில் பட்டால் கருவிழி காணாமற்போகும். இமை தாழ்ந்தால் புள்ளி தாவும். மூக்கு வியர்த்தால் சட்டகம் வழுக்கும். போதாக்குறைக்கு, எதிரே வருபவரெல்லாம் நின்று வேடிக்கை பார்க்க, அணிந்தவர் கூச்சப்பட்டுத் தரையையே பார்த்து நடப்பார்.

அத்தனைக்கும் தாங்கள் ஈடுகொடுத்தீர்கள். தொப்பியின் விளிம்பை நீட்டித் தைத்து நிழல் தந்தீர்கள். பின்னந்தலையில் பட்டை கட்டி இறுக்கினீர்கள். கேமராவைக் குழப்பும் அடர்ந்த கண்மையோடு வந்தவர்களைக் கடியாமல் பஞ்சை நீட்டினீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கால் மணிக்கொரு முறை நிறுத்தி, "கையை நீட்டி, கட்டைவிரல் நகத்தைப் பாருங்க" என்பீர்கள். புள்ளி நகத்தில் விழுந்தால் கருவி சரி. விலகினால் பதிந்ததை நம்பலாகாது.

அந்தச் சோதனைப் பகுதிகளைத்தான் நான் வெட்டியெறிந்தேன். போக்குவரத்து நிறுவனம் ஒன்று கேட்டு, பேருந்து ஓட்டுநர்களின் பார்வையை ஆராய்ந்த சமயம் அது. வண்டியை ஓரங்கட்டி நகத்தைப் பார்த்த பதிவு எதற்கு என்ற மேதாவித்தனம் எனக்கு. பதினான்கு நிறுத்தங்களில் பதினொன்றில் ஓட்டுநர் ஒருவர் படிக்கட்டைக் காட்டும் பக்கக் கண்ணாடியைப் பார்க்கவேயில்லை என்று எழுதி அனுப்பியும் விட்டேன். அவரை வண்டியிலிருந்து இறக்கிவிட்டார்கள். வேலைநீக்க ஆணையில் கையெழுத்து மட்டுமே பாக்கி.

தாங்கள் நம்பவில்லை. "இருபது வருஷமா ஓட்டுறவர் படிக்கட்டைப் பார்க்காம எப்படிப்பா வண்டிய எடுப்பாரு? முழுசா போட்டுக் காட்டு" என்றீர்கள். போட்டேன். இரண்டாம் சோதனையிலேயே புள்ளி நகத்துக்கு நான்கு விரற்கடை கீழே கிடந்தது. வியர்வையில் சட்டகம் வழுக்கியிருந்தது. அவர் பார்த்ததெல்லாம் பக்கக் கண்ணாடியை. புள்ளி விழுந்ததெல்லாம் அதற்குக் கீழுள்ள கதவில்.

அறிக்கையைத் திரும்பப் பெற்றால் கூடத்தின் பெயர் கெடும் என்று இயக்குநர் தயங்கினார். (மேடையிலிருந்து அவர் தலையாட்டுவதால் துணிந்து படிக்கிறேன்.) "நம்ம பேரு கெட்டா உழைச்சுத் திரும்பச் சம்பாதிச்சுக்கலாம் சார். அந்த மனுஷன் வீட்டுல போய் புள்ளைங்க முகத்துல எப்படி முழிப்பாரு?" என்று கேட்டுவிட்டு, அன்றைக்கே எங்களிருவரையும் நிறுவனத்துக்கு இழுத்துப் போனீர்கள். பிழை என்னுடையது என்று நான் திக்கித் திணறிச் சொல்லி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றீர்கள். திரும்பி வரும்போதும் ஒரு வார்த்தை திட்டவில்லை. அந்த நன்றியைச் சொல்ல எனக்கு அடுக்குமொழி வரவில்லை, அக்கா.

அன்று முதல் சோதனைப் பகுதி இல்லாத பதிவை இக்கூடத்தில் யாரும் தொடுவதில்லை. இனித் தாங்கள் விடியுமுன் எழுந்து பேட்டரி ஏற்ற வேண்டாம். ஊரார் மூக்கு வியர்வையைத் துடைக்க வேண்டாம். நோய் நொடி அண்டாமல், தங்கை வீட்டு மாடியில் காலை நீட்டி அமர்ந்து, மனம் விரும்புவதை மட்டும் பார்த்து நெடுங்காலம் நிறைவோடு வாழ வாழ்த்துகிறோம்.

இவ்விழாவுக்கு அந்த ஓட்டுநரையும் அழைத்தோம். "வரணும்னு ரொம்ப ஆசைங்க. ஆறு மணி வரைக்கும் வண்டியில டியூட்டி. அக்காகிட்ட அப்படியே சொல்லிடுங்க" என்றார்.

நன்றி மறவாத,
விழிநோக்கு ஆய்வுக்கூடப் பணியாளர்கள்