முட்டைக்கும் மேனேஜருக்கும் நடுவில்

இடது கீழ்க்கடைவாயில் எனக்கு ஒரு பல் பத்து நாளாக வலிக்கிறது. அதனால் மெதுவாகத்தான் பேசுவேன், மேடம். நடுவில் தண்ணீர் கேட்டால் வெதுவெதுப்பாகக் கொடுக்கச் சொல்லுங்கள். மற்றபடி இந்த ஸ்டேஷனில் எனக்கு ஒரு சிரமமும் இல்லை, கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறேன். அந்த எக்ஸ்ரே யாருடையது என்று காலையிலிருந்து மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். அதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் உங்களுக்கு விளங்காது.

பெயர் தாண்டவராயன். வயது ஐம்பத்திரண்டு. பல் மருத்துவன். ஒரகடம் கூட்டுரோட்டில் கன்னியப்பன் காம்ப்ளெக்ஸின் முதல் மாடியில் ஒன்பது வருடமாகக் கிளினிக் வைத்திருக்கிறேன். கன்னியப்பன் வல்லம் வடகாலில் நெல் போட்டுக்கொண்டிருந்த ஆள். நிலம் தொழிற்பேட்டைக்குப் போன பிறகு கட்டடம் கட்டி, மாடிக்கு ஒரு கலர் அடித்தார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, ரசனை ஒரே தலைமுறையில் வந்துவிடுமா என்ன? என் ஜன்னலுக்கு நேர் கீழேதான் கம்பெனி பஸ்கள் நிற்கும். ஷிப்ட் முடிந்து நீலச் சட்டையும் தொங்கிய தலையுமாக இறங்குவார்கள். தென்காசி, சங்கரன்கோவில், சாத்தான்குளம் பக்கத்துப் பிள்ளைகள். இருபது, இருபத்திரண்டு வயது. உங்களுக்கு அவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். எனக்கு, நல்ல எலும்பு என்று தோன்றியது.

எலும்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நீங்கள் பி.எஸ்சி. என்றீர்கள், முயன்றால் புரியும். பல் போன இடத்தில் டைட்டானியம் திருகை இறக்கி அதன்மேல் புதுப்பல் பொருத்துவார்கள். திருகு நிற்க எலும்பு வேண்டும். பல் போன பிறகு எலும்பு அப்படியே இருக்காது, கரையும். சில மாதங்களில் வரப்பு மாதிரி ஒல்லியாகிவிடும். அதைத் தயார் செய்வதுதான் வித்தை. மேல்தாடை என்றால் சைனஸ் அறையின் அடியில் இருக்கிற சவ்வைக் கிழியாமல் மேலே தூக்கி, கீழே எலும்புத்தூளை நிரப்ப வேண்டும். கீழ்த்தாடை என்றால் ஒல்லியான எலும்பை உளி வைத்துப் பிளந்து விரிக்கலாம். இல்லாவிட்டால் முகவாயில் ஒரு துண்டு எலும்பை வெட்டியெடுத்து, குழிந்த இடத்தில் வைத்து முடுக்கலாம். திருகை எந்தத் தடியனும் இறக்குவான். எலும்பில்தான் கை தெரியும்.

அந்தக் கையை எங்கே பழகுவது? முட்டையில் ஆரம்பிப்பார்கள். பச்சை முட்டையின் ஓட்டை மட்டும் சுரண்டி, உள்ளே இருக்கிற சவ்வு கிழியாமல் எடுக்க வேண்டும். நான் இருநூறு முட்டை செய்தேன். அப்புறம் படப்பை கறிக்கடையிலிருந்து ஆட்டுத் தாடை வரவழைத்தேன். ஆட்டுக்கு ரத்தம் வராது, நாக்கு குறுக்கே வராது. அதற்கு அடுத்த படி என்ன என்பதை எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்க மாட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் சங்கரநாராயணன் வந்தார். ஒரு பெரிய பார்ட்ஸ் கம்பெனியின் ஜெனரல் மேனேஜர். மேலே இரண்டு, கீழே ஒன்று போயிருந்தது, எலும்பும் கரைந்திருந்தது. நாற்காலியில் சாய்ந்தபடி, “டாக்டர், இதுவரைக்கும் எத்தனை பேருக்குப் பண்ணியிருக்கீங்க?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. நீலச் சட்டைக்காரன் ஒருவனாவது அதை என்னிடம் கேட்டதுண்டா? அடுத்த வருடம் வாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன். போகும்முன் பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார். புது பார்ட் எதுவானாலும் முதலில் ட்ரையல் லாட் ஓட்டுவார்களாம், அதில் பாதி ஸ்க்ராப்புக்குத்தான் போகுமாம், அதற்காக யாரும் அழுவதில்லையாம். எனக்கு வழி காட்டியவர் அவர்தான். அது அவருக்கே தெரியாது, பாவம்.

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. என்னிடம் வந்த பிள்ளைகளுக்குச் சின்னச் சின்ன சொத்தைதான். அடைத்தால் சரியாகிவிடும். அவர்களுக்குப் பல் விழுந்து எலும்பு கரைய முப்பது வருடம் ஆகும். கம்பெனியில் அவர்களுக்குக் காண்ட்ராக்டோ இரண்டு வருடம்தான்.

அதனால் பிடுங்கினேன். பிடுங்கும்போது எலும்பின் வெளிச்சுவரையும் கொஞ்சம் உடைத்து எடுத்துவிடுவேன், சீக்கிரம் கரையும். ஆறு மாதம் கழித்துக் கூப்பிட்டு எலும்பை ஒட்டவைப்பேன். இன்னும் ஆறு மாதம் கழித்துத் திருகு. ‘இலவச முகாம் திட்டம்’ என்று நோட்டீஸ் அடித்து ஹாஸ்டலில் ஒட்டியிருந்தேன். இலவசம் என்றால் வாயைப் பிளந்துகொண்டு வருகிற ஜனம், எனக்கும் அவர்கள் வாயைப் பிளந்தால் போதும். இரண்டு வருடம் முடிந்ததும் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விடுவார்கள். கணக்கு கச்சிதமாக இருந்தது.

என் உதவியாளர் பாஞ்சாலி உள்ளூர்க்காரி, எட்டாவது வரை படித்தவள். ஒருநாள் ட்ரேயைப் பிடித்தபடி, “இன்னா சார், இந்தப் பல்லு கல்லாட்டம் கீது. நல்ல பல்லு சார் இது, இத்தப் போயி ஏன் புடுங்கினுகீறீங்க?” என்றாள். ஸ்டெரிலைசரைத் துடைக்கச் சொன்னேன். அடுத்த வாரத்திலிருந்து வேலைக்கு வருவதை நிறுத்திவிட்டாள். போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

தங்கமாரியைப் பற்றி நீங்கள் கேட்டீர்கள். சீட் கவர் தைக்கிற கம்பெனியில் டிரெய்னி. பதினேழாவது கேஸ். முகவாயில் அவளுக்குத்தான் கொஞ்சம் ஆழமாக வெட்டிவிட்டேன். நரம்பு போயிற்று. வைத்த எலும்பும் சீழ் பிடித்து வெளியே வந்துவிட்டது. பத்து தடவையாவது வந்திருப்பாள். “சார், எனக்குக் கீழுதடு இருக்கா இல்லியான்னே தெரிய மாட்டேக்கு. டீ ஒழுகுததுகூட பக்கத்துல இருக்கவ சொல்லித்தான் தெரியுது” என்பாள். ஒருமுறை உதடு வெந்து கொப்புளமாகவே வந்தாள், சூடு தெரிந்தால்தானே? விட்டமின் மாத்திரை கொடுத்தேன். டீயை ஆற்றிக் குடி என்றும் சொன்னேன். அதற்குப் பிறகு கேன்டீனில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுகிறாளாம். அதை நீங்கள் சொல்லித்தான் தெரியும். அவளிடம் கற்றுக்கொண்டதால் பதினெட்டாவது கேஸில் நரம்பு தப்பித்தது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இப்போது எக்ஸ்ரே. நல்ல பல்லைப் பிடுங்க வேண்டுமானால் கெட்ட பல்லின் படத்தைக் காட்ட வேண்டும். அருமையான படம் ஒன்று என்னிடம் இருந்தது. கீழ்க்கடைவாய்ப் பல், வேர் நுனியில் அவரைக்கொட்டை அளவுக்குக் கறுப்பு. அதைத்தான் எல்லாருக்கும் ஸ்கிரீனில் காட்டினேன். பல் மறுபக்கம் என்றால் இடவலமாகத் திருப்புவேன், மேல்பல் என்றால் தலைகீழாக. இவர்களுக்கு இது போதும் என்று நினைத்தேன். போதுமாகவும் இருந்தது. லீவுக்கு அத்தாட்சி வேண்டும் என்று ஸ்கிரீனைப் போனில் படம் பிடித்து சூப்பர்வைசருக்கு வாட்ஸாப்பில் அனுப்புவார்கள். தாராளமாக எடுத்துக்கொள் என்பேன். ஒரே பல் நாற்பது சூப்பர்வைசர்களின் போனில் உட்கார்ந்திருந்தது. ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை. மேற்பார்வை என்று சம்பளம் வாங்குகிறவர்கள்.

இசக்கிசெல்வி நாற்பத்தோராவது. தங்கமாரியின் அறைத்தோழி. வலது கடைவாயில் லேசான கூச்சம் என்று வந்தாள். படிவத்தில் வேலை என்ற இடத்தில் ‘குவாலிட்டி, வீல் பிளான்ட்’ என்று எழுதியிருந்தாள். துணி வைத்துத் துடைக்கிற வேலை என்று நினைத்துக்கொண்டேன். கேட்டிருக்கலாம், கேட்கத் தோன்றவில்லை. மரத்துப்போகிற ஊசி போட்டுவிட்டுப் படத்தைத் திருப்பிக் காட்டினேன். அவள் சாய்ந்த நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் ஸ்கிரீனையே பார்த்தாள்.

“சார், இது எம் பல்லு இல்ல. தங்கமாரி போன்ல இருக்க அதே படம்.”

பாதி வாய் மரத்திருந்ததால் குழறித்தான் சொன்னாள். அது இடதுபக்கம், இது வலதுபக்கம், நீ என்ன டாக்டரா என்று கேட்டேன்.

“எனக்கு எக்ஸ்ரே மெஷின்லதான் சார் வேல. ஒரு ஷிப்டுக்கு எழுநூறு வீலு பாக்கேன். உள்ள காத்து ஓட்டை இருந்தா ஒதுக்கணும். வீலு சுத்திக்கிட்டே இருக்கும். எந்தப் பக்கம் திருப்பினாலும் ஓட்டை அதே ஓட்டைதான சார்?”

மார்பில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து மடித்து நாற்காலியில் வைத்தாள். ஸ்கிரீனைப் படம் எடுத்தாள். கோணிய வாயோடு படியிறங்கி நேரே உங்களிடம் வந்தாள். ஒரு வீல் துடைக்கிற பெண்ணால் நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்பதுதான் இந்த விவகாரத்தில் எனக்கு உண்மையிலேயே அவமானமாக இருக்கிறது.

சங்கரநாராயணனுக்குப் போன மாதமே முடித்துவிட்டேன். சவ்வு கிழியவில்லை, நரம்பைத் தொடவில்லை. தையல் பிரித்த அன்று ஸ்வீட் பாக்ஸ் கொடுத்தார். நாற்பது பேருடைய பல்லை வேண்டுமென்றே பிடுங்கினேன், அவர்களுடைய தாடையை வேண்டுமென்றே கெடுத்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அதனால் ஒரு காரியம் நடந்திருக்கிறது என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள்.

அந்தப் படம் என்னுடையது, மேடம். பதினோரு வருடத்துக்கு முன்னால் சென்னையில் என் நண்பன் எடுத்தது. “பிடுங்கிடலாமாடா?” என்று கேட்டான். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். சொந்தப் பல் மாதிரி வருமா என்று கெஞ்சினேன். நாலு தடவை போய் வேர் சிகிச்சை செய்துகொண்டு காப்பாற்றினேன். இப்போது வலிப்பது அதுதான். நாளைக்கு என்னை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போவதாகச் சொன்னீர்கள். எடுத்தவுடனே பிடுங்க வேண்டாம் என்று கொஞ்சம் சொல்லிவையுங்கள். அது நல்ல பல்.