பர்ஸில் இருந்த பழைய கார்டு

பல்லடத்திலிருந்து திருப்பூர் போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போகும் ஒரு கணவனும் மனைவியும்.

“ஏனுங்க, இந்த பேங்க்கு கிரெடிட் கார்டுக் கடனை அந்த பேங்க்காரன் எதுக்குங்க கட்டறான்? அவன் நமக்கு மாமனா, மச்சானா?”

“அவங்கிட்ட ஆறு மாசத்துக்கு வட்டி கம்மி. அதுக்குள்ள கட்டி முடிச்சுட்டா பேங்க்குல நம்ம பேரு சுத்தமாயிரும். நாளைக்கு ஊட்டு லோன் கெடைக்கும்.”

“முடிக்கலீன்னா?”

“பழையபடி வட்டி போடுவான்.”

அவள் விரலை மடக்கிக் கணக்குப் போட்டாள்.

“அப்ப பழைய கார்டுல இப்பக் கடனே இல்லீங்களா?”

“சுத்தமா இல்ல.”

“அது எங்கீங்க இருக்குது?”

“பர்ஸுல. அவசரத்துக்கு ஆகுமில்ல.”

“குடுங்க, பாக்கலாம்.”

தயங்கித்தான் எடுத்தார். கார்டோடு ஒரு கடைச் சீட்டும் ஒட்டிக்கொண்டு வந்தது. அவள் அதைப் பிரித்துப் படித்தாள்.

“செல்போனுங்களா? நேத்தைக்கு, இந்தக் கார்டுலயா?”

“உனக்குத்தான் வாங்குனேன். ஒளிச்சு வெச்சிருக்கறேன், சாயந்திரம் ஊட்டுல போய்க் காட்டலாம்னு இருந்தேன்.”

அவள் நூல் பிசிறு வெட்டும் கத்திரியைப் பையிலிருந்து எடுத்து, அந்தக் கார்டை இரண்டாக வெட்டி ஜன்னலுக்கு வெளியே போட்டாள்.

இறங்கும்போதுதான் மெதுவாகக் கேட்டாள்: “போனு என்ன கலருங்க?”