ஆறாவது எலும்பு

முதுகுவலி என்று வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்குக் கத்தி தேவையே இல்லை. ஓய்வும் கொஞ்சம் வாயடக்கமும் போதும். அந்த டைல்ஸ் ஒட்டுகிறவர் பத்தாவது ஆள். கீழ்முதுகில் ஒரு டிஸ்க், அவர் பாஷையில் ஜவ்வு, பிதுங்கி நரம்பை அழுத்தியது. வலது பாதம் தளர ஆரம்பித்திருந்தது.

இணையத்தில் நாலு பக்கம் மேய்ந்துவிட்டு வந்திருந்தார். ஸ்க்ரூ போட்டு எலும்புகளை இணைப்பது, செயற்கை டிஸ்க் வைப்பது, பிதுங்கிய துண்டை மட்டும் எடுப்பது என்று எனக்கே பாடம் எடுத்தார்.

"ஸ்க்ரூ வேணாம் சார். நாள் முழுக்கக் குனிஞ்சு வேலை செய்யணும். துண்டை மட்டும் எடுத்துருங்க."

நானும் அதைத்தான் சொல்வதாக இருந்தேன். அவர் முந்திக்கொண்டது எரிச்சலாக இருந்தது.

"இன்னொண்ணு சார். எனக்குக் கீழ்முதுகுல ஒரு எலும்பு கூடுதலாம், அஞ்சுக்குப் பதிலா ஆறு. கீழேருந்து எண்ணினா தப்பாயிடும், மேலேருந்து எண்ணணும்னு ஸ்கேன் எடுத்தவர் சொன்னார்."

பக்கத்தில் அவர் மனைவி வேறு தலையாட்டினார். தரையில் சதுரம் ஒட்டுகிறவர் எனக்கு எண்ணக் கற்றுக்கொடுக்கிறார். இருபத்திரண்டு வருடமாக டிஸ்க் இருக்கும் இடத்தை நான் கீழிருந்துதான் எண்ணுகிறேன். ஆபரேஷன் அன்றும் அப்படியே எண்ணினேன்.

திறந்ததும் தெரிந்துவிட்டது. கண்ணெதிரே இருந்தது பழுதில்லாத டிஸ்க்.

"சார், இன்னொரு எக்ஸ்ரே எடுத்துப் பாத்துரலாமா?" என்று நர்ஸ் மெதுவாகக் கேட்டார்.

"சந்தேகம் உங்களுக்கா, எனக்கா?" என்றேன். அவர் அடுத்த கருவியை எடுத்து நீட்டினார்.

ஓர் எலும்பு மேலே போயிருந்தால் அரைமணி நேர வேலை. ஆனால் டைல்ஸ்காரர் எண்ணியதுதான் சரி என்று கேன்டீன் வரை பேசிச் சிரித்திருப்பார்கள். நல்ல டிஸ்கிலிருந்து ஒரு துண்டை வெட்டிக் கிண்ணத்தில் போட்டேன், தைத்து மூடினேன்.

வலி போகவில்லை என்று வாராவாரம் வந்து நின்றார். "நரம்பு ஆற நாளாகும், பொறுமையா இருங்க" என்று அனுப்பினேன்.

"கால் தரையில இழுபடுது டாக்டர்" என்று மனைவி ஒருமுறை அழுதார். அழுகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது.

ஏழாவது வாரம் வேறு மருத்துவமனைக்குப் போனார்கள். அதற்குள் அந்தப் பாதம் செத்துவிட்டது. இனி அவரால் குத்துக்காலிட்டு உட்கார முடியாதாம்.

உங்கள் மருத்துவக் கவுன்சிலின் விசாரணை அறிக்கையைப் படித்தேன். எண்ணிக்கையில் நேர்ந்த தவறு, உள்நோக்கம் இல்லை என்று பெருந்தன்மையாக எழுதியிருக்கிறீர்கள். உரிமத்தை ஆறு மாதம் நிறுத்திவைத்தால் போதுமாம். எனக்கு அதில் சம்மதமில்லை. நான் எல்லாம் தெரிந்தேதான் செய்தேன். சிறைக்கு அனுப்புவதென்றால் அனுப்புங்கள். எனக்கு எண்ணத் தெரியாது என்று மட்டும் எழுதாதீர்கள்.