கழுதையின் பின்னங்கால்

சூலூரிலிருந்து வந்த பேருந்தில், முன்னிருக்கைக்காரர் தன் மனைவிக்குக் கைப்பேசியில் ஒரு பழைய சினிமாப் படத்தைக் காட்டினார்.

"இந்தக் கழுதை வேசத்துல பின்னங்காலு எங்க தாத்தன், அம்மணி."

"அதானுங்க உங்க குடும்பமே உதைக்குது. முன்னங்காலு?"

"அவரோட அண்ணன். குடும்பமே காமெடி நாடகம் போட்டவங்க. மூத்தவருக்குத்தான் தலைப்பக்கம்."

"உங்க தாத்தன் மூஞ்சி எப்பத் தெரியுமுங்க?"

"நாடகத்துல கடசீல தோலைக் கழட்டிப்போட்டு ரெண்டு பேரும் கும்புடுவாங்களாமா. படத்துல அதுக்கு முந்தியே வெட்டிப்போட்டாங்க. ஊட்டுல ஒரு போட்டோவும் இல்லை. அவரு மூஞ்சிய நான் பார்த்ததே இல்லை."

அந்த அம்மா கைப்பேசியை வாங்கி மறுபடி ஓட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க, வலது காலை வெளிய தள்ளி வெக்கறதைப் பாருங்க. நீங்க நடக்கற மாதிரியே இருக்குதுங்க."

அவர் இன்னொரு தடவை ஓட்டச் சொன்னார்.

சிங்காநல்லூரில் இருவரும் இறங்கிப் போனார்கள். நான் ஜன்னல் வழியாக அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.