உப்பு ஜாடிக்குள் ஒரு பாராட்டு

கத்தித் தொழிலகத்தின் காவற்கண்ணே! கறையறியாக் கூர்மையின் தாயே! எஃகென்று சொல்லி எவர் எதைக் கொண்டுவந்து நீட்டினாலும், "எதுக்கும் ஒரு வாரம் உப்புத்தண்ணியில கெடக்கட்டும்" என்று தலைநிமிராமலே தீர்ப்பளித்து, வந்தவர் முகத்தை வாடவைத்த வல்லமையே! உலோகச் சோதனை அறையின் உயிர்ப்பே! எங்கள் மதிப்புக்கும், மறைக்காமல் சொன்னால் எங்கள் நடுக்கத்துக்கும் உரிய அம்மையீர்! வணக்கம்.

உங்கள் ஓய்வு விழாவுக்கு இம்மடலை எழுதும் பணி சாணைப் பிரிவைச் சேர்ந்த எனக்கு வாய்த்தது. எனக்குக் கவிதை வரும் என்று யாரோ கிளப்பிவிட்ட வதந்தியே காரணம். மேலாளர் என்னைக் கூப்பிட்டு, "நல்லா நாலு வார்த்தை புகழ்ந்து எழுதுப்பா. அழுகாச்சி வேண்டாம், பயமுறுத்தவும் வேண்டாம்" என்றார். அழுகையை அடக்கிக்கொள்வேன். பயத்தை அடக்க என்னால் இயலாது. இந்தக் கூடத்தில் கைதட்டக் காத்திருக்கும் அத்தனை பேரும் இந்த நொடியில் பயந்துகொண்டுதான் இருக்கிறோம். எதற்கு என்பதை, உங்கள் பெருமைகளை முறைப்படி பாடிவிட்டுச் சொல்கிறேன்.

முப்பத்தோராண்டுக் காலம் துருவோடு மல்லுக்கட்டித் துவளாத தூயவரே! நீங்கள் வந்து சேர்ந்த நாளில் எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், 'துருப்பிடிக்காத எஃகு' என்று தாளில் அச்சடித்திருந்தால் அது துருப்பிடிக்காது என்பது மட்டுமே. அந்தப் பேதைமையைப் பொடிப்பொடியாக்கினீர்கள். குரோமியம் கூடுதலாக இருந்தால் போதும் என்று கொள்முதல்காரர் குதித்தபோது, "கரி, அதான் கார்பன், எவ்வளவு இருக்குன்னு கேட்டீங்களா? கரி அதிகமா இருந்தா குரோமியத்தைத் தன்னோட கட்டிப்போட்டுடும். அப்புறம் துருவைத் தடுக்க யாரு இருக்கா, உங்க மாமனாரா?" என்று கேட்டீர்கள். அன்றுமுதல் அந்த மாமனார், இந்த வளாகத்தை ஒருமுறைகூட மிதிக்காமலே, எங்கள் பேச்சில் நிரந்தரப் பணியாளர் ஆகிவிட்டார்.

கத்தி யார் கையில் இருக்கும், எந்த ஈரத்தில் இருக்கும், துடைத்து வைப்பார்களா, அப்படியே போட்டுவிட்டுப் போவார்களா என்றெல்லாம் கேட்டறிந்த பிறகே எஃகின் பெயரை உச்சரிக்கும் எச்சரிக்கையே! எலுமிச்சை அரியும் கத்திக்கு ஒரு கணக்கு, மீன் வெட்டும் கத்திக்கு வேறு கணக்கு என்று பிரித்துக் காட்டிய பேரறிவே! கூர் நெடுநாள் நிற்க வேண்டுமென்றால் துருவிடம் கொஞ்சம் இறங்கிப்போக வேண்டும், துரு அண்டவே கூடாதென்றால் கூரில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று மேலாளர் முகத்துக்கு நேரே சொன்ன துணிவே! பதப்படுத்தும்போது சூடு எல்லை மீறினால் நல்ல எஃகும் கெட்டுப்போகும் என்று உலைக்காரரோடு நீங்கள் போட்ட சண்டையில், உலையைவிட நீங்களே அதிகம் கொதித்தீர்கள். உங்கள் முதுகுக்குப் பின்னால் உங்களைத் 'துரு மேடம்' என்றுதான் அழைத்தோம். அது உங்களுக்குத் தெரியும் என்பதும் எங்களுக்குத் தெரியும்.

பாடி முடித்தேன் அம்மையீர். இனிப் பயத்துக்கு வருகிறேன்.

உங்கள் நாற்காலிக்கு நிர்வாகம் ஆள் போடவில்லை. "நீங்களே பாத்துக்குங்க" என்று எங்களிடம் சொல்லிவிட்டார்கள். கடலில் மூழ்கியோரை மீட்கும் குழுவுக்குக் கத்தி செய்யும் வேலையும் இந்த மாதம் பார்த்து வந்து சேர்ந்திருக்கிறது. அந்தக் கத்திகளுக்கான எஃகை நாங்கள் தேர்ந்தெடுத்துத் திங்கட்கிழமை ஆலைக்குச் சொல்லியாக வேண்டும். அந்தக் குழுவில் நம் பேக்கிங் அக்காவின் தம்பி இருக்கிறார். சென்ற ஆண்டு அடியாழத்தில் அவர் காலில் கயிறு சுற்றிக்கொண்டதும், வேறெங்கோ வாங்கிய கத்தி உறைக்குள் துருவேறி இறுகிப்போய் உருவ வராததும், கூட இருந்தவர் நீந்தி வந்து அறுத்துவிட்டதால் மட்டுமே அவர் உயிரோடு மேலே வந்ததும் இங்கே அனைவரும் அறிந்ததே. வேலை வந்த அன்று அக்கா எங்கள் முன்னால் வந்து நின்றார். "என் தம்பி இடுப்புல கட்டிக்கப்போற கத்தி இது. எஃகை யாரு எடுக்கப்போறீங்க? முகத்தைக் காட்டுங்க" என்றார். உலைக்காரர் உலையைப் பார்த்தார். கொள்முதல்காரர் கைப்பேசியைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

 உங்களிடமே கேட்டிருக்கலாம். கேட்டால் நொடியில் சொல்லியிருப்பீர்கள். அடுத்த முறை கேட்க நீங்கள் இருக்கமாட்டீர்களே என்ற திகில்தான் எங்கள் வாயைக் கட்டிப்போட்டது. கூர் நெடுநாள் நிற்கும் எஃகே சிறந்தது என்றார் மேலாளர். கயிற்றை ஒருமுறை அறுத்தால் போதும், ஆனால் அந்த ஒருமுறை கட்டாயம் உருவ வர வேண்டும் என்றோம் நாங்கள். கரியைக் குறைத்து அதன் இடத்தில் நைட்ரஜன் சேர்த்த எஃகைத் தேர்ந்தெடுத்தோம். அதில் ஒரே ஒரு கத்தி செய்தோம். மீட்புக் குழுவினர் அவரவர் பெயரைக் கத்தியின் அலகில் பொறித்துத் தரக் கேட்டிருந்தார்கள். அந்த வேலையையும் பழகிக்கொள்ளலாம் என்று, 'துருவை வென்ற தூயவருக்கு' என்று உங்களைப் போற்றும் சொற்களை எங்கள் அச்சுக்காரர் எழுத்தச்சை வைத்து ஆழமாக அடித்தார். பிறகு கத்தியை உறையில் செருகி, உங்கள் சோதனை அறையின் உப்பு ஜாடியிலேயே ஒரு வாரத்துக்கு முன் போட்டுவிட்டோம். போட்டதை இடையில் எடுத்துப் பார்ப்பவரை நீங்கள் சும்மா விடமாட்டீர்கள். ஆகவே ஒருவரும் பார்க்கவில்லை.

உங்கள் முன்னால் மேசைமீது இருக்கும் ஜாடி அதுதான். பரிசு அதற்குள் இருக்கிறது. எங்கள் பயமும் அதற்குள்தான் இருக்கிறது. பேக்கிங் அக்கா கடைசி வரிசையில் உட்காராமல் நிற்கிறார். இதை வாசித்து முடித்ததும் உங்கள் கையாலேயே அதை எடுத்து உருவிப் பார்க்க வேண்டுகிறோம். துரு இருந்தால் விழா நாளென்று பார்க்காமல் எங்களை வழக்கம்போல் வையுங்கள். திங்கட்கிழமை முதல் வைவதற்கு ஆளில்லை.

உப்பும் ஈரமும் உங்களை அண்டாதிருக்கட்டும்! மூட்டு வலியும் மூச்சிரைப்பும் உங்கள் முகவரி அறியாதிருக்கட்டும்! சோதனை அறையில் கழிந்த காலத்தைவிட நீண்ட காலம், சோதனை ஏதுமின்றிச் சுகமாய் வாழ்க!

கலங்கிய நெஞ்சோடும் கட்டிய கையோடும்,
சாணை, உலை, அச்சு, கொள்முதல், பேக்கிங் பிரிவினர்.

மடலுக்கு மரச்சட்டம் போடுவதற்குமுன் அடியில் சேர்த்தது:

துரு மேடம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஜாடிக்குள் கைவிட்டார். உறையிலிருந்து கத்தி வெண்ணெயிலிருந்து உருவியதுபோல் வழுக்கிக்கொண்டு வந்தது. அலகு பளிச்சென்று இருந்தது. கைதட்டல் எழுந்த நேரத்தில் அவர் அதைத் திருப்பினார். 'துருவை வென்ற தூயவருக்கு' என்ற எழுத்துகள் அத்தனையும் செம்பழுப்பாய் இருந்தன. கைதட்டல் பாதியிலேயே நின்றுவிட்டது.  அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

மேடம் எழுத்துகளைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். "எஃகை நல்லாத்தான் எடுத்திருக்கீங்க. பாராட்டுதான் துருப்பிடிச்சிருக்கு. எந்த அச்சால அடிச்சீங்க?"

"பழைய இரும்பு அச்சு, மேடம்" என்றார் அச்சுக்காரர்.

"அந்த இரும்பு எழுத்துக்குள்ள ஒட்டிக்கிச்சு. பள்ளத்துல உப்புத்தண்ணியும் தேங்கிடுச்சு. இப்ப எழுத்து மட்டும்தான் போயிருக்கு. இப்படியே விட்டா நல்ல எஃகையும் குழி பறிச்சு உள்ள போகும். உறையோட ஒட்டிக்கும்."

அச்சுக்காரர் தயங்கித் தயங்கி, மீட்புக் குழுவின் பெயர்ப் பட்டியல் தன்னிடம் வந்துவிட்டது என்றும், அதே அச்சை எடுத்து வைத்திருப்பதாகவும் சொன்னார்.

அக்கா அந்தக் கத்தியை மேடம் கையிலிருந்து வாங்கினார். உறையில் செருகினார், உருவினார். மறுபடி செருகி, மறுபடி உருவினார். பிறகு அச்சுக்காரரைப் பார்த்துச் சொன்னார்: "என் தம்பி பேரு எனக்குத் தெரியும். கத்தியில வேண்டாம்."