மீன் மறையும் தட்டு

செம்மண் ஊரில் வெள்ளைச் சேலையைச் சுத்தமாக வைத்திருப்பது பெரிய வேலை, தாரோகாபாபு. போல்பூரிலிருந்து துப்ராஜ்பூர் வரை எந்த மேளாவுக்குப் போனாலும் ஓரமெல்லாம் சிவந்துவிடும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் துவைத்து உலர்த்தித்தான் உடுத்துவேன். கசங்கிய சேலையோடு நான் மேடையேறியதில்லை. இதை முதலில் சொல்வதற்குக் காரணம், நான் கவனக்குறைவான பெண் இல்லை என்று உங்களுக்குத் தெரியவேண்டும். மேஜைக்குள் நடந்தது கவனக்குறைவால் வந்த விபத்து என்று நீங்கள் எழுதி முடித்துவிட்டீர்கள். அதைத் திருத்தத்தான் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன்.

என் கணவர் பெயரை வாயால் சொல்லிப் பழக்கமில்லை. விளம்பரத் தட்டியில் இருந்தபடி சொல்கிறேன்: புரொஃபெஸர் என். ஹல்தார். ஜரிகைத் தலைப்பாகை, தங்க நிறத்தில் நீளக் கோட்டு, மையால் தடித்த மீசை. பேச்சும் ராஜா பேச்சு. எங்கள் பக்கம் மேஜிக் காட்டும் ஆண்கள் எல்லோரும் இப்படித்தான். பௌஷ மாத மேளாவில் மூன்று மேஜிக் கூடாரங்கள் இருந்தால் மூன்று ராஜாக்கள். எந்த ராஜா எந்தக் கூடாரம் என்று சனங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவர்கள் ஆசைப்பட்டதும் இல்லை.

நான் பெட்டிக்குள் இருந்தேன். கல்யாணமானதிலிருந்து பெட்டிக்குள்தான். முழங்காலில் மோவாயை முட்டுக் கொடுத்துக்கொண்டு, கத்தி எந்தப் பக்கமிருந்து வரும் என்று மனப்பாடம் செய்து வைத்திருக்கிற பெண். உள்ளே இருப்பவளுக்குக் கைதட்டல் வேறு மாதிரிக் கேட்கும். பக்கத்து வீட்டுக் கல்யாணம் மாதிரி.

துப்ராஜ்பூரில் அவருக்குக் காய்ச்சல் கண்டது. டிக்கெட் கொடுத்தாகிவிட்டது, யாராவது மேடையேற வேண்டும். கோட்டு எனக்குத் தொளதொளவென்றிருந்தது. என் ஜிகினாப் பாவாடையோ பெட்டிக்குள் போகிறவளின் உடுப்பு. செத்துப்போன மாமியாரின் கரையில்லாத வெள்ளைச் சேலை ஒன்று சாமான்களை மூடிக் கிடந்தது. அதைச் சுற்றிக்கொண்டேன். கல்யாணத்தன்று போட்ட சங்கு வளையல்கள் ஒன்றோடொன்று தட்டிச் சத்தம் போடும், உள்ளங்கையில் காசை மறைக்கிற வேலைக்கு ஆகாது. சோப்புப் போட்டுக் கழற்றினேன். வகிட்டுக் குங்குமம் வியர்வையில் வழிந்திருந்தது. துடைத்தேன். நான் விதவை வேஷம் போட நினைக்கவில்லை. வேலைக்கு எது தொந்தரவோ அதை நீக்கினேன், அவ்வளவுதான்.

மேடையில் எனக்குப் பேச்சு வரவில்லை. பேசாமலே ஒரு கைக்குட்டையை மறைத்தேன், வெறும் சொம்பிலிருந்து நீர் ஊற்றினேன். கூடாரம் அவ்வளவு அமைதியாகி நான் கண்டதில்லை. முன்வரிசையில் ஒருத்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அவர்கள் வித்தையைப் பார்க்கவில்லை. என் மொட்டைக் கைகளைப் பார்த்தார்கள்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வித்தை எல்லோரிடமும் இருக்கிறது. பார்க்கிறவனுக்கு நாம் யாராகத் தெரிகிறோம் என்பதுதான் மேஜிக். அந்தக் குளிர்காலம் முழுக்க அதற்காகவே உழைத்தேன். எப்படி நடப்பது, எங்கே பார்ப்பது, எவ்வளவு நேரம் சும்மா நிற்பது எல்லாவற்றையும் நானே கண்டுபிடித்தேன்.

மீன் வித்தையும் என் யோசனைதான். வெண்கலத் தட்டை வெறுமையாகக் காட்டுவேன். துணி போடுவேன். எடுத்தால் ஆவி பறக்கும் சோறு, மேலே கடுகெண்ணெயில் பொரித்த ரூயி மீன். வாசனை கடைசி வரிசைவரை போகும். நான் அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். கை கொஞ்சம் நீளும். பிறகு விதவைக்கு மீன் ஏது என்று நினைவு வந்தவள் போலக் கையை இழுத்துக்கொண்டு மறுபடியும் துணியைப் போடுவேன். எடுத்தால் வெறும் தட்டு. வணங்காமல், சிரிக்காமல் உள்ளே போய்விடுவேன். யாரும் கைதட்டமாட்டார்கள். மூக்கைச் சிந்துவார்கள்.

தட்டை மாற்றுவது மேஜைக்குள் இருக்கிற ஆள். அது அவர். மேஜையின் நாலு பக்கமும் பலகை, வெளியே தாழ்ப்பாள், பின்பக்கம் காற்றுக்கு ஓர் ஓட்டை. சோறு ஆறாமல் இருக்க உள்ளே சின்னக் கரியடுப்பு. மீன் பொரிப்பதும் அவர்தான். முதல்நாள் மேஜையிலிருந்து வெளியே வந்து முதுகைத் தேய்த்துக்கொண்டே, "உள்ள இவ்ளோ புழுங்கும்னு இத்தனை வருஷம் நீ ஒரு வார்த்தை சொல்லலியே சிந்து" என்றார். நல்ல மனிதர். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வெள்ளைச் சேலை மட்டும் அவரை அரித்தது. சுமங்கலி வெள்ளை உடுத்தினால் புருஷன் ஆயுசு குறையும் என்று அவருக்குப் பயம். ஆட்டம் முடிந்ததும் குங்குமச் சிமிழோடு திரைக்குப் பின்னால் காத்திருப்பார். வளையல்களைத் தன் கையாலேயே மாட்டிவிடுவார். "தினம் ரெண்டு ஆட்டம் என்னைச் சாகடிக்கிற. நடுவுலயாவது உயிரோட இருந்துக்கறேன்" என்பார். அத்தோடு விட்டிருக்கலாம். கெந்துளி மேளாவில் வகிட்டில் குங்குமத்தோடு என்னைக் கைபிடித்துக் கூட்டத்துக்குள் அழைத்துப் போனார். ஜிலேபிக் கடை முன்னால் நின்று, தான் உயிரோடு இருப்பதைத் தெரிந்தவன் தெரியாதவன் எல்லோருக்கும் காட்டினார். பேரைக்கூடச் சொல்லி அறிமுகப்படுத்திக்கொண்டார்.

அடுத்த ஆட்டத்தில் மீனை நோக்கி என் கை நீண்டபோது கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "தின்னு அண்ணி, தின்னு. உன் புருஷன் வெளிய ஜிலேபி தின்னுட்டுத்தான் உள்ள வந்தான்."

ஒரு பெண் பதில் கொடுத்தாள். "முள்ளு பாத்துத் தின்னும்மா. அவன் ஆயுசு கெட்டி."

கூடாரமே சிரித்தது. நான் தலையைக் குனிந்து நின்றேன். மேஜைமேல் வைத்திருந்த என் விரல்களில் பலகை அதிர்ந்தது. உள்ளே அவரும் சிரித்துக்கொண்டிருந்தார்.

மேளா கமிட்டிச் செயலாளர் மறுநாள் வந்து, அழ வந்தவர்கள் சிரித்துவிட்டுப் போகிறார்கள், இனி பழைய ராஜாவையே இறக்குங்கள் என்றார். என் கணவருக்கு மனதிலிருந்து பாரம் இறங்கியதைப் பார்த்தேன். அன்றே கோட்டை வெயிலில் உலர்த்தினார். பெட்டியின் கீல்களுக்கு எண்ணெய் விட்டார்.

"நாளைக்கு ஒண்ணு ஆடிடு, சிந்து. அப்புறம் நீ பெட்டிக்குள்ள வந்துடு. உன் அளவுக்குன்னே செஞ்ச பெட்டி அது, வேற யாருக்கும் சேராது."

அன்பாகத்தான் சொன்னார்.

நான் கோபப்படவில்லை. நிதானமாக யோசித்தேன். என் நடையில் குறை இல்லை, கையில் குறை இல்லை, சேலையில் ஒரு கறை இல்லை. எல்லாவற்றிலும் ஒரே ஒரு பொய்தான் இருந்தது, அதைச் சனங்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். கண்டுபிடித்த பொய்யை மேடையில் வைத்துக்கொண்டிருக்கக்கூடாது. இதை எந்த மேஜிக்காரரும் ஒப்புக்கொள்வார்.

மறுநாள் சாயங்கால ஆட்டத்துக்கு அவர் மேஜைக்குள் போனதும் வழக்கம்போல் தாழ்ப்பாளைப் போட்டேன். பின்பக்க ஓட்டையில் அவருடைய ஜரிகைத் தலைப்பாகையை மடித்துத் திணித்தேன். அளவாக இருந்தது.

மற்ற வித்தைகளை அவசரப்படாமல் செய்தேன். மீன் நேரத்துக்கு வந்தது. ஆவியும் இருந்தது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன், கையை நீட்டினேன். அப்போது உள்ளேயிருந்து தட்டினார். உள்ளே ஏதோ சரியில்லை, நிறுத்து என்பதற்கு எங்கள் அடையாளம் அது. எங்கள் தொழிலில் ஆட்டம் நடக்கும்போது மேஜிக்காரரைத் தவிர யாரும் பெட்டியையோ மேஜையையோ தொடக்கூடாது. கூடாரம் தீப்பிடித்தாலும் கூடாது. டோலக் வாசிக்கிற பாஞ்சு பாதி எழுந்து என்னைப் பார்த்தான். வேண்டாம் என்று தலையசைத்தேன். உட்கார்ந்துவிட்டான். அவன்மேல் தவறில்லை.

தட்டுகிற சத்தம் விட்டுவிட்டு வந்தது. முன்வரிசையில் ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம், "புருஷன் கூப்பிடறான்டி" என்று மெல்லச் சொன்னாள். அது வரிசை வரிசையாகப் பின்னால் போனது. ஆண்கள்கூட அழுதார்கள். அந்த யோசனை எனக்கு வந்திருக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். அது தானாக அமைந்தது. நான் செய்ததெல்லாம் அசையாமல் நின்றது மட்டும்தான். அவ்வளவு நன்றாக நான் ஒருநாளும் நின்றதில்லை.

தட்டுவது நின்ற பிறகு துணியைப் போட்டு எடுத்தேன். மீன் அங்கேயே இருந்தது. மாற்ற ஆளில்லை. கையை இழுத்துக்கொண்டேன். இனி அதைச் சாப்பிடக்கூடாது என்று அந்தக் கூடாரத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

சனங்கள் கலைந்து போனபின் தலைப்பாகையை எடுத்து உதறி வைத்துவிட்டுப் பாஞ்சுவைக் கூப்பிட்டேன். நீங்கள் வந்தீர்கள். கரிப்புகை, மூடிய மேஜை, அஜாக்கிரதை என்று எழுதினீர்கள். ஆற்றங்கரையில் பெண்கள் என் வளையல்களை உடைத்தார்கள். எல்லாம் முறையாக நடந்தது.

அதன் பிறகு நடந்ததுதான் முறையில்லை. எந்தக் கமிட்டியும் என்னைக் கூப்பிடவில்லை. நிஜ விதவையை மேடையேற்றினால் மேளாவுக்கு ஆகாதாம். விதவை வேஷத்துக்குச் சுமங்கலிதான் வேண்டுமாம். போன வாரம் காட்வா மேளாவில் இரண்டு கூடாரத்தில் வெள்ளைச் சேலை. ஒருத்தி மதுசூதன் பாலின் மனைவி. அதே தட்டு, அதே மீன், நான் கையை இழுத்துக்கொள்வதுகூட அப்படியே. உள்ளே ஆள் வைத்துத் தட்டவும் வைக்கிறாள். கூட்டம் அழுகிறது. ஆட்டம் முடிந்து கூடாரத்துக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். குங்குமம் வைத்துக்கொண்டு, புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த மீனைப் பிட்டுத் தின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "வாங்க தீதி, ஒரு வாய் சாப்பிடுங்க" என்றாள். பிறகு நினைவு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அதனால் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். ஹல்தார் அஜாக்கிரதையால் சாகவில்லை. ஓட்டையை அடைத்தது நான். தட்டியது கேட்டும் நின்றது நான். வெள்ளைச் சேலை, மீன், தட்டுகிற சத்தம், மூன்றும் என்னிடம்தான் முதலில் வந்தன. மற்றவர்கள் வேஷக்காரிகள். சாட்சி வேண்டும் என்பீர்கள். அவர் உயிரோடு இருந்திருந்தால், அவரே வந்து எனக்காகச் சொல்லியிருப்பார்.